பிச்சிப்பூ தெரிகிற படம்

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு இரண்டு நோட்டு. ஒன்று நோபிள் சார் கொடுத்தது. அதில் அவரே கட்டம் போட்டிருக்கிறார்: தேதி, என்ன படம், படத்தில் இருப்பவர் பெயர், அவரிடம் கேட்டாச்சா. கடைசிக் கட்டத்தில் 'ஆம்' என்று இருந்தால்தான் படத்தை வெளியே அனுப்ப வேண்டுமாம். இன்னொன்று இந்த நோட்டு. இதில் கட்டம் இல்லை.

நோபிள் சார் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார். கம்பெனிகளின் பெயர் பேப்பரிலும் ஃபோனிலும் நல்லபடியாக வரும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்கள் கனி அப்பளத்தை சங்கரன்கோவில் தாண்டி யாருக்கும் தெரியவில்லை என்று முதலாளி அருணாசலக்கனி அண்ணாச்சிக்கு நெடுநாள் குறை. கடைகளுக்கு அனுப்புவதற்காக நான் ஃபோனில் எடுத்த அப்பளக் கட்டுகளின் படத்தைப் பார்த்துவிட்டு சார், “இத யாரு எடுத்தது? வெளிச்சம் அழகா விழுந்திருக்கே” என்று கேட்டிருக்கிறார். பாக்கெட் ஒட்டும் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏட்டி முப்பிடாதி, ஆடித்தபசுத் திருநாள் வரைக்கும் நீதான் படம் எடுக்க. நல்லா வந்துச்சுன்னா ஆபீஸ்ல ஒனக்கு ஒரு மேசை போட்டுத் தாரேன்” என்றார் அண்ணாச்சி.

ஆபீஸ் மேசை என்றால் தலைக்கு மேல் ஃபேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து “நீ ஏம்ட்டி வாயத் தொறக்கவே மாட்டேங்க” என்று கேட்க மாட்டார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

எல்லாம் வீண். ஃபோனைத் தூக்கியதும் பத்துப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு சுவர் ஓரமாக வரிசையில் நின்றார்கள். கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். பிச்சம்மா சித்தி மூச்சுகூட விடவில்லை. வேலை செய்துகொண்டே இருங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எடுத்தேன்.

நோபிள் சார் பதில்: “கல்யாண வீட்டுப் படம் வேண்டாம். வேலை தெரியணும். முகம் தெரியணும்.”

ஜூன் 6, வியாழன்

முந்தாநாள் நான் படம் எடுத்த செய்தி பரவி, இன்று எல்லாரும் பவுடர் போட்டு வந்தார்கள். பிச்சம்மா சித்தி பட்டுச் சேலை. உளுந்து மாவு பிசைகிற இடத்தில் பட்டுச் சேலை! அண்ணாச்சி வேறு ஒவ்வொரு படத்திலும் நடுவில் வந்து நின்றார். மாவு அண்டாவுக்குக் கை கொடுப்பதுபோல ஒரு படம். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்துப் பார்க்கிற மாதிரி ஆறு படம்.

நோபிள் சார் ஏன் படிப்பை விட்டாய் என்று ஃபோனில் கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது பத்து நாள். பத்தாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூன் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை காலையில் சூடம் காட்டிவிட்டு, அந்த வாரத்து முதல் அப்பளத்தை ஒரு சுமங்கலி தேய்க்க வேண்டும். இது அண்ணாச்சியின் அம்மா காலத்திலிருந்து வழக்கம். இரண்டு வருடமாக அது ஆவுடையக்காதான். முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. “இவ கைராசி, சரக்கு தேங்குறதே இல்ல” என்பார் அண்ணாச்சி. அவளுடைய வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறாராம்.

அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். பிச்சிப்பூவைத் தோளில் விழும்படி தொங்கவிட்டு வைப்பாள். பெரிய குங்குமப் பொட்டு. பேச்சு, சிரிப்பு எல்லாம் அவளிடமிருந்துதான் தொடங்கும். ஒன்றுதான் எனக்குப் புரிந்ததில்லை. சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு பின்பக்கக் குழாயடியில் முகம் கழுவுவாள். பூவை எடுத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, வெறும் தலையோடு பஸ் ஏறப் போவாள். தலைவலியாக இருக்கும்.

ஜூன் 12, புதன்

நேற்று லீவு. அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் காதுகுத்து. ஆவுடையக்காவின் ஊர். பந்தலுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளைப் பார்த்தேன். நெற்றி வெறுமை. பழைய சேலை. ஒரு கிழவி, மாமியார்தான், “ஆவுடை, நீ முன்னால வராத, அங்கனயே இரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பக்கத்தில் இருந்தவர்கள் அம்மாவிடம் சொன்னார்கள். புருசன் லாரியில் அடிபட்டுப் போய் மூன்று வருடமாம். வேலைக்கு அனுப்பவே மாமியாருக்கு இஷ்டமில்லையாம். ஒரு பேச்சு வந்தாலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் அனுப்புகிறாளாம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இன்று காலை குழாயடியில் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கடந்து போனேன். கை ஒரு நொடி நின்றது. பிறகு வைத்து முடித்தாள்.

ஜூன் 19, புதன்

கிடைத்துவிட்டது!

இனிமேல் யாரிடமும் சொல்லாமல் எடுப்பது என்று ஒரு வாரமாக மூலையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். என்னை மறப்பது யாருக்கும் கஷ்டமில்லை. பதினொரு மணி வெயில் கிழக்கு ஜன்னலில் வந்தது. ஆவுடையக்கா ஒரு அப்பளத்தை மேலே தூக்கி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பிச்சம்மா சித்தி, “அதுல என்னத்தட்டி பாக்க, ஒம் மாப்பிள்ள மொவம் தெரியுதா?” என்றாள். அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்பளம் நிலா மாதிரி ஒளிவிட்டது. பூ தோளில் கிடந்தது.

ஒரே ஒரு படம்தான். அசையவில்லை, மங்கவில்லை.

நோபிள் சாரின் நோட்டில் எழுதினேன். பெயர்: ஆவுடைச்செல்வி. கேட்டாச்சா: ஆம்.

நாளை கேட்டுவிடுவேன்.

ஜூன் 21, வெள்ளி

கேட்கவில்லை. அக்கா கூட்டத்துக்கு நடுவில் இருந்தாள். நோபிள் சார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். சிங்கப்பூர்க் கடைக்காரர்களுக்கு அனுப்புகிற சின்னப் புத்தகத்துக்குத்தானாம். சிங்கப்பூரில் அக்காவின் மாமியாரை யாருக்குத் தெரியும்? அனுப்பினேன்.

“நீ நல்லா வருவ” என்று சார் பதில் போட்டார். நான்கு முறை வாசித்தேன்.

ஜூலை 1, திங்கள்

ஆபீஸில் மேசை போட்டுவிட்டார்கள். ஃபேனும் இருக்கிறது.

அண்ணாச்சி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். “மகாலட்சுமி மாதிரில்லா இருக்கா! புத்தகத்துக்கு மட்டும் என்னத்துக்கு? தபசுக்கு ஊரே வரும். கேட்டுல ஒண்ணு, தேரடியில ரெண்டு. இருபது அடி ஃபிளக்ஸ். கீழ ‘எங்கள் ஆவுடைச்செல்வியின் கைப்பக்குவம்’னு எழுதிரு.”

தபசுக்கு எல்லா ஊரும் வரும். அக்காவின் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பூவும் பொட்டுமாக இருபது அடியில் மருமகளைப் பார்த்தால் மாமியார் அன்றைக்கே வேலையை நிறுத்திவிடுவாள். அக்காவுக்கு வீட்டை விட்டு வெளியே வர இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

நான் என்ன செய்வது? நான் எடுத்தது புத்தகத்துக்கு.

ஜூலை 2, செவ்வாய்

அண்ணாச்சியின் அறை வாசலில் நின்றேன். “என்னட்டி?” என்றார். “ஃபேன் சத்தம் போடுது அண்ணாச்சி” என்றேன். எண்ணெய் போட ஆள் அனுப்பினார்.

ஜூலை 3, புதன்

மறுபடியும் நின்றேன். “இன்னும் சத்தம் போடுதா?” என்றார். ஆமாம் என்றேன்.

என்ன பிறவி நான்.

ஜூலை 4, வியாழன்

அக்காவிடமாவது சொல்லலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் போனேன். அவள் நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் மாங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க ஆபீசர் மேடம், மேசையெல்லாம் சொகமா இருக்கா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வைத்தாள். தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

ஃபிளக்ஸ் கடைக்கு இன்று படம் அனுப்ப வேண்டும். வேறு படம் அனுப்பினால் அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவார். அப்போதுதான் இந்த யோசனை வந்தது. மாமியாருக்கு அக்கா அப்பளக் கம்பெனிக்குப் போவது தெரியும். படத்தில் அப்பளம் இருப்பதில் தப்பு என்ன? பூவும் பொட்டும்தானே தப்பு?

ஃபோனில் விரலால் தேய்த்தால் பொட்டு போய்விடுகிறது. பூவுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, முடியோடு முடியாகத் தேய்க்க வேண்டியிருந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். பார்த்தால் இயற்கையாகத்தான் இருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

யாரிடமும் பேசாமலே முடிந்துவிட்டது. இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கேட்டில் முதல் போர்டைக் கட்டினார்கள். பெண்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் கைதட்டினார்கள். அப்புறம் பிச்சம்மா சித்தி மார்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“அய்யய்யோ! பொட்ட எங்கட்டி? பூவ எங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் ஆவுடையக்கா புருசன் இருக்கிறவள்.

“மஸ்கட்ல மனுசன் கல்லு மாதிரி இருக்கும்போது இப்படி மூளியாக்கி வச்சிருக்காளே! ஏட்டி, ஒனக்கு ஈவு எரக்கம் இருக்கா?” சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொருத்தி, “ஊமைப் புள்ளைக்கு உள்ளுக்குள்ள இம்புட்டு எரிச்சலா?” என்றாள்.

அண்ணாச்சி வெளியே வந்தார். பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. “யாவாரம் நடக்கிற வாசல்ல இப்படி ஒரு மொவத்தையா மாட்டுவாக? எறக்குலே அத!” என்று போர்டு கட்டுகிறவரைப் பார்த்துக் கத்தினார். என்னிடம், “போய்ப் பாக்கெட் ஒட்டு” என்றார்.

ஆவுடையக்கா கூட்டத்தின் பின்னால் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முந்தானையால் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்காகத்தானே செய்தேன்!

ஜூலை 11, வியாழன்

பாக்கெட் ஒட்டினேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஃபேன் மட்டும்தான் இல்லை.

சாயங்காலம் குழாயடிக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். என் வாழ்க்கையிலேயே முதல் சண்டை. “அக்கா, ஒங்க மாமியா பாத்துரக் கூடாதுன்னுதான்...” என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அக்கா பூவை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

“எடுக்கும்போதும் எங்கிட்ட கேக்கல. அழிக்கும்போதும் கேக்கல. ஒவ்வொரு ஆளா வந்து என் நெத்திய அவுகவுக இஷ்டத்துக்கு ஆக்குதிய. எங்க வீட்ல அன்னைக்குக் கெணத்தடியில ஒக்கார வச்சு அழிச்சாக. நீ விரலால அழிச்சிருக்க. ரெண்டுக்கும் என்னட்டி வித்தியாசம்?”

பூவை வேப்பமரத்தடியில் வைத்தாள்.

“காலைல எட்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் நான் நானா இருக்கேன். மஸ்கட்ல புருசன்னு சொன்னா யாரும் ஒதுங்கி நில்லுன்னு சொல்றதில்ல. அதுக்குத்தான். வேற யாரையும் ஏமாத்தணும்னு இல்ல.”

முகத்தைக் கழுவிவிட்டுப் போய்விட்டாள். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

அண்ணாச்சி பரிகாரம் என்று ஏற்பாடு செய்திருந்தார். ஒரு சுமங்கலியை அவமானப்படுத்தியது கம்பெனிக்கு ஆகாதாம். தாம்பாளத்தில் புதுச் சேலை, குங்குமம், பிச்சிப்பூ. ஆவுடையக்காவை மணையில் உட்காரச் சொன்னார். “முப்பிடாதி, கால்ல விழு. ‘நீங்க தீர்க்க சுமங்கலியா இருக்கணும்’னு சத்தமாச் சொல்லு.”

நான் முன்னால் போனேன். எல்லாரும் பார்த்தார்கள். குனிந்தேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வெட்கத்தால் இல்லை, இந்த முறை.

“சொல்லுட்டி” என்றார் அண்ணாச்சி.

“அவ சொல்ல மாட்டா அண்ணாச்சி. அவளுக்குத் தெரியும்.” ஆவுடையக்கா எழுந்துவிட்டாள். “மஸ்கட்ல யாரும் இல்ல. அவரு செத்து மூணு வருசமாச்சு. புள்ள எனக்கு நல்லது செய்யுதோம்னு அழிச்சிருச்சு. அத வையாதிய.”

பிச்சம்மா சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி தாம்பாளத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “அப்ப... ரெண்டு வருசமா மொத அப்பளம்...”

“நான்தான் தேச்சேன். யாவாரம் கொறஞ்சுதா அண்ணாச்சி?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா, “மாவு காயுது” என்றாள். அப்பளக் குழவியை எடுத்து முதல் அப்பளத்தை அவளே தேய்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிச்சம்மா சித்தி மட்டும் பலகையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

அண்ணாச்சி அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளோடு பேசவும் இல்லை. நோபிள் சார் வந்தார். என் நோட்டை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். “ஆம்னு போட்டிருக்க.”

“கேக்கல சார்.”

“அப்ப இது பொய்.”

“ஆமா சார்.”

திட்டுவார் என்று நினைத்தேன். “பேப்பர்ல வர்ற படத்த எடுக்கிறவன் ராத்திரி வீட்டுக்குப் போயிருவான். படத்துல இருக்கிறவங்கதான் மறுநாளும் அந்தத் தெருவுல நடக்கணும்” என்றார். பிறகு, அண்ணாச்சிக்கு மனது இளகிவிட்டது, யாவாரம் குறையவில்லை என்பது அவரை யோசிக்க வைத்திருக்கிறது, பழைய படத்தையே பூவும் பொட்டுமாகப் போடலாம் என்கிறார், ஆவுடைச்செல்வியிடம் நீ போய்க் கேள் என்றார். படம் போனால் என் மேசையும் திரும்ப வருமாம்.

எனக்கு அந்தப் படத்தைத் தேரடியில் பார்க்க வேண்டும். இருபது அடியில். அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கேட்டேன். எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன். குரல் கிறீச்சிட்டது. “அக்கா, அந்தப் படத்த அப்படியே போடவா?”

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.

ஜூலை 17, புதன்

“வேண்டாம்ட்டி” என்றாள். “எனக்குப் பூதான் வேணும். போர்டு வேண்டாம்.”

அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். “ஃபேனா?” என்றார். “இல்ல அண்ணாச்சி. அக்கா வேண்டாங்காக. அந்தப் படத்தப் போடக்கூடாது” என்றேன். நீளமான வாக்கியம். கடைசி வரை சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப என் படத்தையே போட்டுருவோம்” என்றார். அந்த ஆறு படத்தில் ஒன்று. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுவா!

சிங்கப்பூர்ப் புத்தகத்திலிருந்தும் எடுத்துவிடச் சொல்லி நோபிள் சாருக்குச் செய்தி போட்டேன். மேசையில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

தபசு. தேரடியில் நிற்க இடமில்லை. கம்பெனி கடையில் அப்பளம் பொரித்துக் கொடுத்தோம். எனக்கு மேலே இருபது அடி அண்ணாச்சி முழித்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையக்கா வந்தாள். வெறும் நெற்றி. மாமியாரும் குழந்தையும் கூட. கிழவி போர்டை அண்ணாந்து பார்த்து, “யாரு இவன், அப்பளத்தப் பாத்தே பயந்த மாதிரி நிக்கான்?” என்றாள். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

“இந்தப் புள்ள யாரு?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள் கிழவி.

“எங்க கம்பெனில படம் எடுக்கிற புள்ள” என்றாள் அக்கா. பாக்கெட் ஒட்டுகிற பிள்ளை என்று சொல்லவில்லை.

“அப்பிடியா? எனக்கும் பேத்திக்கும் ஒண்ணு எடு தாயி. கோபுரம் தெரியணும்.” கிழவி சேலையைச் சரிசெய்து, குழந்தையை முன்னால் நிறுத்தி, கையை இரண்டு பக்கமும் ஒட்டி வைத்துக்கொண்டாள். அக்கா தானாகவே விலகினாள்.

நான் ஃபோனைத் தாழ்த்தினேன். “அக்கா, நீங்களும் நிக்கியளா?”

அவள் என்னையே பார்த்தாள். “நிக்கேன்” என்றாள்.

“மூணு பேரா நின்னு படம் எடுக்கக்கூடாது, ஆகாது” என்றாள் கிழவி உடனே. “நீ தள்ளிக்கோ ஆவுடை.”

“அப்ப நாலு பேரா நிப்போம்” என்றேன். நான்தான் சொன்னேன். ஃபோனை பலூன்காரரிடம் கொடுத்து எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, கிழவிக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன். கிழவி மறுபடியும் கையை ஒட்டி வைத்துக்கொண்டாள். அக்கா குழந்தையை என் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

படம் கோணல். கோபுரம் பாதிதான் வந்திருக்கிறது. பலூன்காரரின் விரல் ஓரத்தில் தெரிகிறது. கிழவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் மூடியிருக்கிறது. ஆவுடையக்கா மட்டும் நேராகப் பார்க்கிறாள்.

ஒன்றையும் தேய்க்காமல் அப்படியே அவளுக்கு அனுப்பினேன்.